தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து தெற்கத்தி ஊரை எழுதிவைப்பது எப்படி

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கினோம், மிக்ஸியைத் தூக்கினோம், கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப்பெட்டியை மறந்துவிட்டோம். ஊரில் எடுத்த படங்கள், அப்பா எழுதிய கடிதங்கள், அக்கா கல்யாண ஆல்பம் எல்லாம் அதில்தான் இருந்தன. சரி போகட்டும், பாதிப் படத்துக்கு இன்னொரு பிரதி ஊரில் அத்தை வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு வாரம் தாண்டவில்லை, 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப்பக்கமும் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. தாமிரபரணி ஏரல் பக்கம் தெருவுக்குள் வந்து அத்தையின் மரப்பெட்டியையும் ஊறவைத்துவிட்டுப் போனது.

அதற்கப்புறம்தான் ஊரை எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கினேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. கடைக்கு வருகிற நம்மூர்க்காரர்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு, "நானும் எழுதணும்னுதான் இருக்கேன் அண்ணாச்சி, எங்கெருந்து ஆரம்பிக்கன்னுதான் தெரியல" என்கிறார்கள். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழையுங்கள், தெற்கே இருந்து வந்து கடை போட்ட ஒருவர் இருப்பார். அவர்களுக்காகத்தான் இது. பேனா பிடிக்கிற எழுத்தாளருக்கு இல்லை, பில் போடுகிற கைக்கு.

முதலில் நனைந்ததைக் காப்பாற்றுங்கள்

எழுதுவது அப்புறம். உங்கள் வீட்டிலும் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்ட படங்கள் இருந்தால், தயவுசெய்து பிய்க்காதீர்கள். நான் பிய்த்தேன். அக்கா கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகம் பக்கத்துப் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அத்தான் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டுடியோவில் கழுவிக் கொடுத்த பழைய படங்கள் என்றால், அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒட்டின கட்டை அப்படியே அதில் போட்டுவிடுங்கள். ஊற ஊறத் தானாக விலகும். விலகினதும் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, படம் மேலே பார்க்கிற மாதிரி வெள்ளைப் பருத்தித் துணியில் நிழலில் காயவையுங்கள். வெயில் வேண்டாம், தலைமுடி காயவைக்கிற மெஷின் வேண்டவே வேண்டாம், செய்தித்தாளில் வைத்தால் மை ஒட்டும். அன்றைக்கே செய்ய நேரமில்லை என்றால் பாலிதீன் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சை பிடிக்காமல் சில நாள் தாங்கும். மீன் வைக்கிற தட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை இழுக்காமல், கண்ணாடிக்கு மேலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் எடுங்கள். ஸ்கேன் பண்ணுகிற கடைக்குப் போனால் 600 டிபிஐ என்று கேளுங்கள், கடைக்காரர் 200 போதும் என்பார், விடாதீர்கள். லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதீர்கள், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. படத்தின் பின்னால் பெயர் எழுத பால் பாயின்ட் பேனா ஆகாது, அழுத்தம் முன்பக்கம் தெரியும். மெத்தென்ற பென்சில் போதும்.

பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்து வாருங்கள்

எழுத உட்கார்கிற எல்லாரும் "எங்கள் ஊர் ஓர் அழகிய சிற்றூர்" என்று ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், வயல், ஆறு, காற்று, கள்ளங்கபடமற்ற மனிதர்கள். இது எந்த ஊர்? யார் ஊராகவும் இருக்கலாம். கிழித்துப் போட்டேன்.

வார்த்தை வேண்டாம், கோடு போடுங்கள். ஏ3 தாள் ஒன்று வாங்கி, பஸ் ஸ்டாப்பில் ஒரு புள்ளி வையுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிற மாதிரி அங்கிருந்து நடந்து வாருங்கள். இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன. சைக்கிள் கடை. அதற்கடுத்து? அடைத்துக் கிடக்கிற ஒரு வீடு, திண்ணையில் ஆடு படுத்திருக்கும். அதற்கடுத்து? இங்கே ஓர் இடத்தில் கை நிற்கும். நிற்கட்டும், கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே நடங்கள். எங்கள் ஊர் ஏரலுக்கும் குரும்பூருக்கும் பக்கத்தில். வடக்கே ஆறும் வாழையும், தெற்கே போகப் போகப் பனையும், தேரி என்கிற செம்மணல் மேடும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரிகிற தென்காலில் இருந்து ஒரு வாய்க்கால் ஊருக்குக் குறுக்கே போகும். இதை வாசிக்கிற உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் வாய்க்கால் கோட்டைப் போட்டதும் எனக்குப் படித்துறையில் எத்தனைக் கல் என்பது வந்தது, மூன்றாவது கல் ஆடும் என்பது வந்தது, அதில் சோப்பு டப்பாவை வைத்தால் தண்ணீரில் விழும், வைக்கக் கூடாது என்று அக்கா கத்துவதும் வந்தது.

திசையை விட்டுவிடாதீர்கள். நம்மூரில் சாப்பிடும்போதுகூட "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காரு" என்பார்கள். முப்பது வருஷம் சென்னையில் இருந்து லெஃப்ட், ரைட் என்று பழகிவிட்டோம். தாளின் மூலையில் வடக்கைக் குறித்துவிட்டு, "மாமா வீட்டுக்குத் தெக்கால" என்றே எழுதுங்கள், அந்தச் சொல்லோடு சேர்ந்து வேறு சிலதும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டையும் வரையுங்கள். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, அங்கணம், புறவாசல். இந்தப் பெயர்களையே எழுதுங்கள், ஹால், கிச்சன் என்று எழுதினால் தண்டையார்பேட்டை வீடுதான் கண்ணில் வரும்.

ஆளைப் பேசவைப்பது

பெரியவர்களிடம் போய் "பழைய கதை ஏதாவது சொல்லு" என்று கேட்பதைப் போல வீண் வேலை கிடையாது. "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வளந்தோம்" என்று முடிந்துவிடும். அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் கிடைத்தது மொத்தமே அந்த வரிதான்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, தப்பாகச் சொல்லுங்கள். "ஆச்சி வீட்டு அடுக்களை வடக்க பாத்துதானம்மா இருந்துச்சு?" என்றேன். "கூறுகெட்டவனே, கெழக்க பாத்துல்லா இருந்துச்சு, காலைல வெயில் அடுப்புல வந்து விழும், எங்க அம்மை அந்த வெயில வச்சுத்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு எங்கள வெரட்டுவா" என்று ஆரம்பித்தவர் நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. இரண்டாவது, கையில் வேலை கொடுத்துவிட்டுக் கேளுங்கள். முருங்கைக்கீரை உருவும்போது, புளியில் கொட்டை எடுக்கும்போது. கண்ணைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயம் இல்லாததால் பேச்சு தானாக வரும். சாவு, சண்டை, கடன், இதெல்லாம் கீரை உருவும்போதுதான் வெளியே வரும்.

போனில் பதியலாம், ஆனால் சொல்லிவிட்டுப் பதியுங்கள். ஒளித்துவைத்துப் பதிந்து, பிறகு தெரிந்து, அத்தை என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் லோன் வேண்டுமா என்று ஒருத்தர் கூப்பிடுவார். ஃபேன் காற்று நேராகப் படாமல், மடித்த துண்டின்மேல் போனை வையுங்கள். முடிந்த கையோடு ஃபைலுக்குத் தேதி, ஆள், விஷயம் என்று பெயர் வைத்துவிடுங்கள். "ரெக்கார்டிங் 14" என்று விட்டால் அடுத்த வருஷம் கேட்கவே மாட்டீர்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் போனில். இரண்டு இடம் போதும் என்று நினைத்தவன்தான் நான், அந்தக் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

வருஷம் கண்டுபிடிக்க

"எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எம்ஜிஆர் செத்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள், பளிச்சென்று வரும். அது 1987 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர். தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு 1992 நவம்பர் வெள்ளம் பெரிய மைல்கல், நான் அப்போது பத்தாவது. தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். இந்த நாலைந்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் அதற்கு முன், பின் என்று செருகிக்கொண்டே போகலாம்.

தேதி அழிந்த கடிதம் இருந்தால் விலாசத்தைப் பாருங்கள். "திருநெல்வேலி ஜில்லா" என்று இருந்தால் பெரும்பாலும் 1986-க்கு முந்தியது, அந்த வருஷம் அக்டோபரில்தான் சிதம்பரனார் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. "சிதம்பரனார் மாவட்டம்" என்று இருந்தால் அதற்குப் பிந்தியது, 1997-இல் அதைத் தூத்துக்குடி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் பழைய பெயரையே எழுதுகிறவர்கள் உண்டு, எங்கள் அப்பா கடைசிவரை ஜில்லாதான், அதனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. பஸ் டிக்கெட்டில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று இருந்தால், தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்த 1997-க்கு முன்னால். அப்பாவின் கடிதங்களில் பாதி எங்கே போகும் என்று இந்த முறையில்தான் அடுக்கினேன். ஒரு கடிதத்துக்குள் பதனி குடித்த கறையோடு ஓர் ஓலைத்துண்டு இருந்தது, அதற்கு என்ன வருஷம் போட?

ஒரு வேலையை எடுத்து முழுசாக எழுதுங்கள்

தசரா, கோயில் கொடை (ஊர்த் திருவிழா), வில்லுப்பாட்டு, கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை, சொக்கப்பனை, எல்லாம் எல்லாரும் எழுதுவார்கள். எழுதலாம், ஆனால் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவின் பெருமையை நீங்கள் சொல்லவேண்டாம், உங்கள் மாமா என்ன வேஷம் கட்டினார், காசு எடுக்க எந்தத் தெருவுக்குப் போகக் கூச்சப்பட்டார் என்று எழுதினால் போதும். ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடி கருப்பட்டிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பேப்பரில் வந்தாயிற்று. பேப்பரில் வராதது உங்களிடம் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது விடிலி. தெரியாதவர்களுக்கு: பனங்காட்டுக்குள் பதனி காய்ச்சுகிற ஓலைக்கொட்டகை. எங்கள் பெரியப்பா பனையேறி, பெரியம்மா காய்ச்சுவார். முதலில் நான் எழுதினது "பெரியம்மா பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார், மணம் ஊரையே தூக்கும்." ஒரே வரி, ஒன்றுமே இல்லை. பிறகு அத்தையோடு இரண்டு நாள் போனில் பேசி, கேட்டுக் கேட்டு எழுதினது இது:

பெரியப்பா விடியுமுன்னே தளைநாரைக் காலில் மாட்டி ஏறுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, தோளில் முருக்குத்தடி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிவந்த பதனியை வடிகட்டி, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பெரியம்மா காய்ந்த ஓலையையும் மட்டையையும் தள்ளித் தள்ளி எரிப்பார். ஓலை நெருப்பு சட்டென்று எழும்பிச் சட்டென்று அமரும், அதனால் அந்த இடத்தைவிட்டு நகரவே முடியாது. நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது, தட்டின ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார், நுரை அடங்கும். நிறம் மாறி, கொதிக்கிற சத்தம் மாறும். முதலில் சளசளவென்று இருந்தது பிறகு தொப், தொப் என்று கனத்த சத்தம் ஆகும், பெரியம்மா பாத்திரத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே எழுந்து வருவார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. உருண்டு விரலுக்கு வந்தால் பதம். இறக்கி, துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்திருக்கிற சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், ஊற்றுவார். நாங்கள் வருவதே பாத்திரத்தின் அடியில் ஒட்டினதைச் சுரண்டத்தான். சூடு ஆறுமுன் சுரண்டினால் விரல் வேகும், ஆறினால் சுரண்ட வராது. பெரியம்மாவின் வலது முன்கையில் மயிரே கிடையாது. இது அத்தை சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஒரு கை மட்டும் வழவழவென்று இருக்கும், நெருப்பு நக்கினது.

எழுதி முடித்ததும் "மணம் ஊரையே தூக்கும்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்தக் கை போதும். நீங்களும் உங்கள் வீட்டில் யாருடைய வேலையாவது ஒன்றை எடுங்கள், கத்தியைத் தீட்டுவதாக இருக்கலாம், வாழைத்தார் வெட்டுவதாக இருக்கலாம், "அப்புறம்? அதுக்கப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். இப்போது கடைக்கு வருகிற கருப்பட்டியில் பாதி சீனி கலந்தது, உடைத்துப் பார்த்தாலே தெரியும், அது வேறு கதை.

சொல் பட்டியல்

நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள். சாரம் (லுங்கி), போணி, சருவம் (இரண்டும் பாத்திரம்), முடுக்கு (சந்து), வளவு (ஒரே வளாகத்து வீடுகள்), மைனி (அண்ணி), சிறுவாடு (சிறுசேமிப்பு). பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் வந்து விழும், உடனே குறிக்காவிட்டால் போயிற்று.

1993-இல் மாமா கடையில் நிற்கவந்த முதல் வாரம், ஓர் அம்மா வந்து "சக்கரை அரைக்கிலோ" என்றார். நம்மூரில் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் வெல்லச் சர்க்கரை. அதைத்தான் பொட்டலம் கட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு "இன்னாப்பா இது?" என்றார். எங்களுக்கு 'இன்னா' என்றால் 'இதோ'. சரி, பொட்டலம் எங்கே என்று கேட்கிறார் போல என்று நான் சுட்டிக்காட்டி, "இன்னா" என்றேன். "அதான் இன்னாங்கிறேன்." "இன்னா இருக்குல்லா?" சின்னப் பையன் நக்கலடிக்கிறான் என்று அந்த அம்மா மாமாவிடம் பஞ்சாயத்து வைத்துவிட்டார். மாமா இரண்டு மொழியும் தெரிந்தவர், சிரித்துச் சிரித்துக் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார்.

இந்த மாதிரி இரண்டு ஊரும் முட்டிக்கொண்ட இடங்களையும் எழுதுங்கள். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தைக்கு விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிள் மிதித்தது (1996-இல் கோயம்பேடு சந்தை வந்தபிறகு அது நின்றது), காசிமேட்டுக் கருவாட்டு வாடையில் ஊர்ச்சந்தை ஞாபகம் வந்து மூட்டையோடு நின்றுவிட்டது, இதெல்லாம் ஊர் ஞாபகம்தான். அங்கே இருந்தபோது எனக்கு அந்த ஊர் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இங்கே வந்து மணலி பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வாடையில் முதல் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் தெரிந்தது.

வரைபடத்தில் எது இல்லை என்று பாருங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதிப் பொய்.

என் வரைபடம் ஆறு மாதத்தில் நன்றாக நிரம்பிவிட்டது. அம்மாவும் அத்தையும் சரிபார்த்தார்கள், கிணறு புளியமரத்துக்குக் கிழக்கா மேற்கா என்று இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, மற்றபடி எல்லாம் சரி. கடைச்சுவரில் மாட்டிவைத்தேன். வியாசர்பாடியில் இருந்து ஒருவர் சரக்கு இறக்க வருவார், எங்கள் ஊர்தான், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். தண்ணீர் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, ஊரு வாய்க்காலோட முடிஞ்சிருது போல" என்றார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நான் எதையும் வரையவில்லை. வெறும் தாள். காலனி என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. பதினாறு வருஷம் இருந்த ஊரில் அந்தப் பாலத்தை நான் இரண்டோ மூன்றோ தடவைதான் தாண்டியிருக்கிறேன், அவரோ தினமும் எங்கள் தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், எங்கள் தெருவில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் பஞ்சர் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, தெரியவில்லை.

பென்சிலைக் கொடுத்தேன். கோயில், மூன்று வரிசை வீடு, ஒரு வேப்பமரம், ஒரு கிணறு. பிறகு எங்கள் பக்கத்திலும் ஓர் இடத்தைத் தொட்டார். டீக்கடை. நான் அங்கே பன்னும் பட்டர் பிஸ்கட்டும் என்று எழுதியிருந்தேன். "எங்கப்பாவுக்கு இங்க சிரட்டையிலதான் டீ. பின்னால போயி குடிக்கணும்" என்றார். பெரியம்மா கருப்பட்டி ஊற்றுகிற அதே சிரட்டை. அதை அவர் எழுதச் சொல்லவும் இல்லை, எழுதவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

உங்கள் தாளில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த ஊர் எங்களுக்குத் தெரிந்ததைவிடப் பெரிதாக இருக்கும், நீங்கள் எழுதுவதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. குடும்பத்துக்குள் நடந்த சண்டை, சொத்து, ஓடிப்போன கல்யாணம் இவற்றை எழுதுவதா வேண்டாமா என்று கேட்பீர்கள். எழுதி வேறு நோட்டில் வையுங்கள். சம்பந்தப்பட்ட ஆள் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் வெளியே காட்டாதீர்கள்.

போய்ப் பார்ப்பது

நோட்டு பாதியாவது நிரம்பின பிறகு போங்கள், முன்னால் போனால் இப்போது இருக்கிற ஊர் பழைய ஊரின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கொடைக்கோ கல்யாணத்துக்கோ போகிறபோது இதைச் சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், பந்திக்கு இலை போடவே நேரம் சரியாக இருக்கும். சாதாரண நாளில் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸோ செந்தூரோ ஏறிக் காலையில் இறங்கி, வரைபடத்தின் நகலோடு தனியாக நடங்கள். இல்லாமல் போனதற்கு வட்டம் போடுங்கள், அழிக்காதீர்கள். வழியில் யாராவது "யாருல அது, என்னத்த அளக்க?" என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொல்லுங்கள், திண்ணையில் உட்காரவைத்துவிடுவார்கள், அங்கே அரை நோட்டு கிடைக்கும்.

கடைசியில் எல்லாவற்றையும் டைப் அடித்து, டிடிபி சென்டரில் நாலைந்து பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டு, அக்காவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று கொடுக்கலாம். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. போன வாரம் அம்மாவை உட்காரவைத்து முதல் நோட்டை வாசித்துக் காட்டினேன். விடிலி வந்ததும் "அவ கைய எழுதிட்டியா" என்று மட்டும் கேட்டார். கிணறு வந்ததும் எழுந்துகொண்டார். "எய்யா, அது புளியமரத்துக்கு மேக்க. ஒங்க அத்த சொல்லுதான்னு கெழக்க போட்டு வச்சிருக்க பாரு." போனைப் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். அவர்கள் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.